கிட்டார் பிக்: உங்கள் கைக்கும் வாசிப்புக்கும் ஏற்ற தடிமனைத் தேர்ந்தெடுக்க முழுமையான வழிகாட்டி

கடையில் கிட்டார் வாங்கினால் கூடவே இரண்டு மூன்று பிக்கை, அதாவது கம்பியை மீட்டும் சிறு தகட்டை, இலவசமாகக் கொடுப்பார்கள். பெரும்பாலும் மெல்லியதாக, வழவழப்பாக, மேலே தடிமன் எண் எதுவும் இல்லாமல் இருக்கும். புதிதாகக் கற்பவர் பல மாதங்கள் அதை வைத்தே ஓட்டுவார். கார்ட் பிடித்து ஸ்ட்ரம் செய்யும்வரை, அதாவது கம்பிகளைச் சேர்த்து ஒரே வீச்சில் அடிக்கும்வரை, பெரிய குறை தெரியாது. ஒற்றைக் கம்பியில் ஸ்கேல் வாசிக்கத் தொடங்கியதும் வம்பு ஆரம்பிக்கும். பிளாஸ்டிக் படபடக்கும் சத்தம் முன்னால் வரும், ஸ்வரம் அதன் பின்னால் மெலிந்து கேட்கும். கையில்தான் கோளாறு என்று நினைத்து பிக்கை இன்னும் அழுத்திப் பிடிப்பார். மணிக்கட்டு இறுகும், வேகம் குறையும், கட்டைவிரல் வலிக்கும்.

பயிற்சியால் மட்டுமே தீரக்கூடியவை நிறைய உண்டு. ஆனால் இந்தத் தொல்லை பல நேரம் கால் மில்லிமீட்டர் தடிமனில் தீர்ந்துவிடும். கிட்டாரின் ஒலியையும் கையின் உணர்வையும் இவ்வளவு குறைந்த செலவில் மாற்றக்கூடிய பொருள் வேறு இல்லை. அதனால் சில நாள் ஒதுக்கி ஒழுங்காகச் சோதித்துப் பார்ப்பது வீண் வேலை ஆகாது.

‘ஸ்ட்ரம்மிங்கா, மெல்லியது வாங்கு, லீடா (ஒற்றை ஸ்வரங்களாக வாசிப்பதா), தடித்தது வாங்கு’ என்று பொதுவாகச் சொல்வார்கள். தொடங்குவதற்கு அது போதும். ஆனால் எடி வான் ஹேலன் பெயரில் டன்லப் நிறுவனம் வெளியிட்ட நைலான் பிக் 0.60 மி.மீ.தான். ட்ரீம் தியேட்டர் குழுவின் ஜான் பெட்ரூச்சி பெயரில் அதே நிறுவனம் வெளியிட்ட பிக் 1.5 மி.மீ. இருவருமே அதிவேக லீடுக்குப் பேர்போனவர்கள். கம்பியில் பிக் மோதும்போது ஏதாவது ஒன்று வளைந்து கொடுத்தாக வேண்டும். பிக் வளையலாம், அல்லது விரலும் மணிக்கட்டும் வளையலாம். அந்த வேலையை எதனிடம் ஒப்படைக்கிறீர்கள் என்று முடிவு செய்துவிட்டால் தடிமன் தானாக முடிவாகிவிடும். கீழே உள்ள படிகள் எல்லாம் அந்த முடிவுக்கு வருவதற்காகத்தான்.

படி 1: எண்ணைப் படிக்கத் தெரிந்துகொள்ளுங்கள்

பிக்கின் மேல் அச்சிட்டிருக்கும் .60, .73, 1.0 போன்ற எண்கள் மில்லிமீட்டரில் அதன் தடிமன். பொதுவாக 0.60-க்குக் கீழே மெல்லியது, 0.60 முதல் 0.80 வரை நடுத்தரம், 0.80 முதல் 1.2 வரை தடித்தது, அதற்கு மேல் மிகத் தடித்தது என்று வைத்துக்கொள்ளலாம். வேகன் என்ற டச்சுத் தயாரிப்பாளர் ஜிப்சி ஜாஸ் வாசிப்பவர்களுக்காக 3.5 மி.மீ., 5 மி.மீ. தடிமனில்கூடச் செய்கிறார். அது தனி உலகம்.

எண் இல்லாமல் ‘தின்’, ‘மீடியம்’, ‘ஹெவி’ என்று மட்டும் போட்டிருந்தால் கொஞ்சம் கவனம் தேவை. ஃபெண்டரின் செல்லுலாய்டு பிக்குகள் இப்படித்தான் வரும். ஒரு நிறுவனத்தின் மீடியம் இன்னொரு நிறுவனத்தின் மீடியத்தோடு ஒத்துப்போக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. நிறத்தை வைத்தும் முடிவுசெய்ய வேண்டாம். டன்லப் டார்ட்டெக்ஸ் வரிசையில் சிவப்பு 0.50, ஆரஞ்சு 0.60, மஞ்சள் 0.73, பச்சை 0.88, நீலம் 1.0, ஊதா 1.14. இந்தக் கணக்கு அந்த வரிசைக்கு மட்டும்தான். வேறு நிறுவனத்தின் மஞ்சள் பிக் எந்தத் தடிமனிலும் இருக்கலாம்.

அமெரிக்கத் தயாரிப்பாளர்கள் சிலர் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கை அலகாக எடுத்துக்கொள்வார்கள். ப்ளூசிப் பிக்கில் 40 என்று இருந்தால் 0.040 அங்குலம், அதாவது ஏறத்தாழ 1 மி.மீ. பெயர் தெரியாத மலிவு பிக்குகளில் எண்ணே இல்லாவிட்டால் அளந்து பார்த்துவிடலாம். ப்ளஸ் ஒன் இயற்பியல் ஆய்வகத்தில் கம்பியின் விட்டம் அளந்த திருகு அளவி நினைவிருக்கிறதா? அதன் மீச்சிற்றளவு 0.01 மி.மீ. இந்த வேலைக்கு அதைவிடப் பொருத்தமான கருவி கிடையாது. டிஜிட்டல் வெர்னியர் இருந்தாலும் சரி. எழுத்து புடைத்திருக்கும் இடத்தை விட்டுவிட்டு, முனைக்குக் கொஞ்சம் மேலே அளந்துகொள்ளுங்கள்.

படி 2: 0.1 மில்லிமீட்டர் ஏன் அவ்வளவு பெரிதாகத் தெரிகிறது?

0.60-ஐயும் 0.73-ஐயும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கண்ணுக்கு வித்தியாசம் தெரிவது கடினம். கையில் எடுத்து வாசித்தால் இரண்டும் வேறு வேறு கருவிபோல இருக்கும். காரணம் இயற்பியல்தான். ஒரு தகட்டின் விறைப்பு அதன் தடிமனின் மும்மடியைப் பொறுத்தது. பொருளும் வடிவமும் ஒன்றாக இருந்தால், 0.50-ஐவிட 1.0 இரண்டு மடங்கு தடிமன். விறைப்போ எட்டு மடங்கு. 0.60-லிருந்து 0.73-க்குப் போனால் விறைப்பு 1.8 மடங்காகிறது. 0.73-லிருந்து 0.88-க்குப் போனால் இன்னொரு 1.75 மடங்கு. 0.60-ஐயும் 1.14-ஐயும் ஒப்பிட்டால் கிட்டத்தட்ட ஏழு மடங்கு.

இதே கணக்கிலிருந்து இன்னொன்றும் புரியும். சுமார் 1.2 மி.மீ.க்கு மேல் போனபிறகு பிக் நடைமுறையில் வளைவதே இல்லை. 1.5-க்கும் 2.0-க்கும் இடையே நீங்கள் உணர்வது வளைவின் வித்தியாசம் அல்ல. கையில் பிடிக்கும் கனமும், விளிம்பு எப்படிச் சீவப்பட்டிருக்கிறது என்பதும்தான். ஆகவே 0.46-லிருந்து 1.0 வரை உள்ள பகுதியில்தான் நுணுக்கமாகத் தேட வேண்டும். அதற்கு மேலே அகலமாக எட்டு வைத்தால் போதும்.

இந்தக் கணக்கின் மறுபாதி பலருக்குத் தெரிவதில்லை. விரல்களுக்கு வெளியே முனை எவ்வளவு நீளம் நீட்டிக்கொண்டிருக்கிறது என்பதும் மும்மடியாகத்தான் வேலை செய்கிறது, ஆனால் எதிர்த்திசையில். வெளியே நீட்டும் நீளத்தைப் பாதியாக்கினால் விறைப்பு ஏறத்தாழ எட்டு மடங்கு கூடும். பிக்கின் நுனி குறுகி வருவதால் இது துல்லியமான கணக்கு இல்லை என்றாலும், போக்கு இதுதான். 0.73 பிக்கை நுனியில் 3 மி.மீ. மட்டும் தெரியும்படி பிடித்தால் லீடுக்குப் போதுமான உறுதி கிடைக்கும். அதையே 8 மி.மீ. தெரியும்படி தளர்த்திப் பிடித்தால் ஸ்ட்ரம்மிங்கில் நன்றாக வளைந்து கொடுக்கும். புதிய பிக் வாங்கக் கிளம்புமுன் கையில் இருப்பதை இப்படிப் பிடித்துப் பாருங்கள். சிலருக்குப் பிரச்சினை அங்கேயே முடிந்துவிடும்.

படி 3: அதிகமாக வாசிப்பது எது என்று நேர்மையாகப் பாருங்கள்

ஒரு வாரத்தில் நீங்கள் உண்மையில் வாசிப்பது எது? வாசிக்க ஆசைப்படுவதை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். பத்தில் எட்டு மணி நேரம் தேவாலயப் பாடகர் குழுவிலோ மெல்லிசைக் குழுவிலோ ரிதம் வாசிப்பவர், மீதி இரண்டு மணி நேரத்துக்காக 1.5 மி.மீ. பிக் வாங்கினால் எட்டு மணி நேரமும் அவதிப்படுவார்.

அகூஸ்டிக் ஸ்ட்ரம்மிங். ஆறு கம்பிகளையும் ஒரே வீச்சில் தாண்டிப் போக வேண்டும். இங்கே மெல்லிய பிக்கின் வளைவு உங்கள் பக்கம் நிற்கிறது. பலமாக அடித்தால் பிக் இன்னும் கொஞ்சம் வளையுமே தவிர, கம்பி அதற்கேற்ற அளவு கூடுதலாக விலகாது. அதனால் சத்தத்தின் ஏற்ற இறக்கம் குறைந்து சமமாகக் கேட்கும். 6/8 தாளத்திலோ, பதினாறாக உடைத்து வேகமாகவோ ஸ்ட்ரம் செய்யும்போது கை லேசாக இருக்கும். 0.46 முதல் 0.73 வரை இதற்கான இடம். கீபோர்டு, டிரம்ஸ், தபேலா எல்லாம் இருக்கும் பெரிய குழுவில் அகூஸ்டிக் கிட்டாரின் வேலை பாதி தாளக் கருவியின் வேலைதான். அங்கே 0.46, 0.50 போன்றவை தரும் ‘ஷிக் ஷிக்’ ஒலி மற்றவற்றின் மேல் ஏறாமல் அழகாக உட்காரும். ஒலிப்பதிவில் ஸ்ட்ரம்மிங்குக்கு மெல்லிய பிக்கைத் தேடுவதும் இதனால்தான்.

ஒரு பாடகருக்கு நீங்கள் ஒருவர் மட்டும் வாசிக்கிறீர்கள் என்றால் கதை வேறு. மெல்லிய பிக்கில் கீழ்ஸ்தாயிக் கம்பிகள் பலவீனமாகக் கேட்கும். பாட்டுக்கு அடித்தளம் இல்லாததுபோல ஆகிவிடும். 0.73-க்கோ 0.88-க்கோ போங்கள். கை கொஞ்சம் கூடுதலாக உழைக்கும். ஆனால் பல்லவியை மெதுவாகவும் அடுத்த பகுதியை ஓங்கியும் வாசிக்க முடியும்.

ரிதமும் லீடும் கலந்து. நம்மில் பெரும்பாலானோர் இந்தக் கூட்டம்தான். 0.73 முதல் 0.88 வரை. ஒரே ஒரு பிக்தான் வாங்குவேன் என்று யாராவது சொன்னால் நான் 0.73-ஐக் கையில் கொடுப்பேன். புதிதாகத் தொடங்குபவருக்கும் அதே பதில்தான். மிக மெல்லிய பிக் தொடக்கத்தில் எளிதாகத் தோன்றினாலும் கையின் பிழைகளை மறைத்துவிடும். மிகத் தடித்தது ஒவ்வொரு பிழையையும் தண்டிக்கும், ஸ்ட்ரம் செய்யும்போது கம்பியில் சிக்கும். 0.73 உங்கள் கை செய்வதை உள்ளபடி சொல்லும், ஆனால் திட்டாது.

எலக்ட்ரிக் லீடும் ஆல்டர்நேட் பிக்கிங்கும். 0.88 முதல் 1.5 வரை. மேலும் கீழும் மாறி மாறி வேகமாக அடிக்கும்போது, மெல்லிய பிக் வளைந்து நிமிர எடுக்கும் நேரம் கைக்கும் ஒலிக்கும் இடையில் ஒரு தளர்வாகத் தெரியும். தடித்த பிக்கில் அந்தத் தளர்வு இல்லை. கை நின்ற இடத்தில் ஸ்வரம் நிற்கும். டன்லப்பின் ஜாஸ் த்ரீ இந்தக் கூட்டத்தின் செல்லப்பிள்ளை: 1.38 மி.மீ., உருவத்தில் சிறியது, முனை கூர்மை. பெயரில்தான் ஜாஸ், இன்று அதை அதிகம் பிடித்திருப்பவை ராக், மெட்டல் கைகள்.

மெட்டல் ரிதம், பாம் மியூட் (உள்ளங்கையால் கம்பியை அடக்கி வாசிப்பது), தொடர் டவுன் ஸ்ட்ரோக் (கீழ்நோக்கி மட்டுமே அடிப்பது) என்றால் 1.0-க்குக் கீழே இறங்க வேண்டிய தேவை அரிது. ஜாஸில் தடித்த, முனை உருண்ட பிக்குகள் இருண்ட, உருண்டையான ஒலி தரும். பேஸ் கிட்டாரை பிக்கால் வாசிப்பவர்கள் 0.88 முதல் 1.14 வரை, முடிந்தால் பெரிய முக்கோண வடிவத்தில் தேடலாம். அந்தக் கம்பியின் முன் 0.60 நிற்காது.

படி 4: கம்பியையும் கிட்டாரையும் கணக்கில் எடுங்கள்

பிக் தனியாக வேலை செய்வதில்லை. எதிரில் இருக்கும் கம்பி எவ்வளவு இறுக்கமோ அதற்கேற்றபடிதான் அது மெல்லியதாகவோ தடித்ததாகவோ நடந்துகொள்ளும். எலக்ட்ரிக்கில் 9–42 செட்டில் (மிக மெல்லிய, மிகத் தடித்த கம்பிகளின் தடிமன், அங்குலத்தின் ஆயிரத்தில்) 0.73 பிக் உறுதியாகவே தோன்றும். அதே பிக்கை 12–53 போட்ட அகூஸ்டிக்கில் வைத்தால் தடித்த ஆறாம் கம்பியில் வளைந்துவிடும். எலக்ட்ரிக்கிலிருந்து அகூஸ்டிக்குக்கு மாறும்போது பிக் மாறிவிட்டதுபோல உணர்ந்தால் காரணம் இதுதான். கம்பி செட்டை மாற்றினாலும் பிக்கை மறுபடி சோதித்துப் பாருங்கள். ஒரு செட்டுக்குப் பிடித்தது அடுத்ததற்கும் பிடிக்கும் என்று சொல்ல முடியாது.

நைலான் கம்பி போட்ட கிளாசிக்கல் கிட்டார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அந்தக் கிட்டார் விரலால் வாசிப்பதற்கென்று செய்யப்பட்டது. ஒலித்துளைக்குக் கீழே கீறல் விழாமல் காக்கும் பிக்கார்டு தகடு இருக்காது. பிக்கால் ஓங்கி ஸ்ட்ரம் செய்தால் மேற்பலகையில் கோடு கோடாகக் கீறல் விழும், பிறகு போகாது. கட்டாயம் பிக் வேண்டும் என்றால் மெல்லிய நைலான் பிக்கை லேசான கையோடு பயன்படுத்துங்கள்.

படி 5: ஒரே வரிசையில் பல தடிமன்களை வாங்குங்கள்

இங்கே பலர் சறுக்குவார்கள். ஒரு நிறுவனத்தின் நைலான் 0.60, இன்னொன்றின் செல்லுலாய்டு மீடியம், மூன்றாவதின் சிறிய கூர்முனை 1.38 என்று வாங்கி ஒப்பிடுவார்கள். மூன்றில் ஒன்று பிடித்துப்போகும். பிடித்தது தடிமனாலா, பொருளாலா, முனையாலா என்று கடைசிவரை தெரியாது.

ஆகவே ஒரே நிறுவனம், ஒரே பொருள், ஒரே வடிவம். தடிமன் மட்டும் மாறட்டும். உதாரணமாக டார்ட்டெக்ஸின் வழக்கமான வடிவத்தில் 0.50, 0.60, 0.73, 0.88, 1.0, 1.14 ஆகிய ஆறும் எடுத்தால் தேட வேண்டிய பகுதி முழுவதும் கைக்குள் வந்துவிடும். நைலானில் சோதிக்க விரும்பினால் டன்லப்பிலேயே 0.38-லிருந்து 1.0 வரை இருக்கிறது. வெரைட்டி பேக் என்ற பெயரில் பல வகைகளைச் சேர்த்து விற்பார்கள். பொருளும் வடிவமும் கலந்திருப்பதால் அது இரண்டாம் கட்டச் சோதனைக்குத்தான் சரி.

படி 6: முதலில் பிடியைச் சரிசெய்யுங்கள்

சோதனைக்கு முன் பிடி ஒரே மாதிரி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் முடிவு எல்லாம் குழம்பும். ஆட்காட்டி விரலை உள்பக்கம் லேசாக மடக்குங்கள். அதன் கடைசிக் கணுவின் பக்கவாட்டில் பிக்கை வையுங்கள், முனை கம்பியை நோக்கி இருக்கட்டும். மேலே கட்டைவிரலின் சதைப்பகுதியை வைத்து மூடுங்கள். வெளியே 4 அல்லது 5 மி.மீ. தெரிந்தால் போதும். மற்றொரு கையால் பிக்கை இழுத்தால் கொஞ்சம் எதிர்த்துவிட்டு வந்துவிட வேண்டும். வராமல் இறுகியிருந்தால் அழுத்தம் அதிகம். தொட்டதும் வந்தால் குறைவு.

தடித்த பிக் உங்களுக்குச் சரிவராது என்று முடிவுகட்டுமுன் இந்தப் பிடியைத் தளர்த்திப் பாருங்கள். குயீன் குழுவின் பிரையன் மே பழைய பிரிட்டிஷ் ஆறு பென்ஸ் நாணயத்தை பிக்காக வைத்து வாசிப்பவர். உலோக நாணயம் துளியும் வளையாது. வளைய வேண்டிய வேலை முழுவதும் விரல்களிடம் போகிறது, அதனால் ஒவ்வொரு ஸ்வரத்தின் அழுத்தத்தையும் விரலே தீர்மானிக்கிறது. தடித்த பிக்கை மெல்லிய பிக்போல இறுக்கிப் பிடித்தால் வளைவதற்கு யாருமே இல்லாமல் போய்விடும். ஒலி கட்டையாகும், கம்பி அறுபடும்.

படி 7: சோதனை

நடுவிலிருந்து தொடங்குங்கள். 0.73-ஐ முதலில் எடுத்து, அதற்குப் பிடித்தமான பாட்டை அல்ல, நீங்கள் இப்போது பயிற்சி செய்யும் பாட்டை வாசியுங்கள். பிறகு ஒரு படி மேலே, ஒரு படி கீழே. ஒவ்வொரு பிக்கிலும் இந்த மூன்றையும் செய்யுங்கள்.

முதலாவது, ஸ்ட்ரம்மிங். ஜி, சி, டி கார்ட்களை நிமிடத்துக்கு 80 துடிப்பில் மெட்ரோனோமோடு (தாளம் தட்டும் கருவி) சில நிமிடங்கள் வாசியுங்கள். பிக் கம்பிக்குள் சிக்குகிறதா, மேல்நோக்கி அடிக்கும் அப் ஸ்ட்ரோக்கில் தடுக்குகிறதா என்று கவனியுங்கள். டவுன் ஸ்ட்ரோக்கில் எல்லா பிக்கும் ஓரளவு நன்றாகவே இருக்கும். உண்மையைச் சொல்வது அப் ஸ்ட்ரோக்தான்.

இரண்டாவது, ஒற்றைக் கம்பி. சி மேஜர் ஸ்கேலை ஆல்டர்நேட் பிக்கிங்கில் 60 துடிப்பில் ஆரம்பித்து, துடிப்புக்கு இரண்டு ஸ்வரமாக வாசித்து, ஐந்து ஐந்தாக வேகத்தைக் கூட்டுங்கள். எந்த இடத்தில் ஸ்வரங்கள் ஒன்றோடொன்று ஒட்டத் தொடங்குகின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, எனக்கு மிக முக்கியமாகப் படுவது: ஒரே ஸ்வரத்தைக் காதுக்கு எட்டாத மென்மையிலிருந்து உங்களால் முடிந்த உச்ச பலம் வரை மெல்ல மெல்ல ஏற்றுங்கள், பிறகு இறக்குங்கள். மெல்லிய பிக்கில் ஒரு கட்டத்துக்குமேல் சத்தம் ஏறாது. படபடப்பு மட்டும் கூடும். தடித்த பிக்கில் மென்மையான பக்கம் கைக்கு அடங்காமல் திமிறும். இரண்டு பக்கமும் உங்களுக்கு அடங்கும் தடிமன் எதுவோ, அதுதான் உங்கள் கைக்கான தடிமன். ஸ்ட்ரம்மிங்கில் வசதியாக இருப்பது ஒன்றும் இதில் வருவது இன்னொன்றுமாக இருந்தால் பதற வேண்டாம். ஸ்ட்ரம்மிங்குக்கு ஒன்று, லீடுக்கு ஒன்று என்று இரண்டு வைத்துக்கொள்வதில் தவறே இல்லை.

எல்லாவற்றையும் போனில் பதிவு செய்யுங்கள். போனை ஒரே இடத்தில், கிட்டாரிலிருந்து இரண்டடி தள்ளி, அசையாமல் வையுங்கள். வாசிக்கும்போது காதுக்கு வருவதும் முன்னால் உட்கார்ந்து கேட்பவருக்கு வருவதும் வேறு. கம்பியில் பிளாஸ்டிக் உரசும் ‘டிக்’ ஒலி வாசிப்பவருக்குப் பெரிதாகத் தெரியாது, பதிவில் துலக்கமாகக் கேட்கும். கோப்புகளுக்கு எண் மட்டும் போட்டு, மறுநாள் எது எது என்று பார்க்காமல் கேளுங்கள். முதல் நாள் கைக்குப் பிடித்ததும் மறுநாள் காதுக்குப் பிடித்ததும் ஒன்றாக இருந்தால் தேர்வு முடிந்தது. வேறாக இருந்தால் இரண்டுக்கும் நடுவில் உள்ளதை எடுத்து இரண்டு வாரம் வாசியுங்கள். தடிமன் மாறினால் கை பழகச் சில நாள் பிடிக்கும். முதல் பத்து நிமிட அசௌகரியத்தை வைத்துத் தீர்ப்பு சொல்லிவிட வேண்டாம்.

படி 8: தடிமன் முடிவானபின் பொருளும் முனையும்

இப்போது தடிமனை நிலையாக வைத்து மற்றதை மாற்றலாம். ஒரே 0.73-ல் நைலான் மிருதுவாக வளையும், டார்ட்டெக்ஸ் அதைவிட விறைப்பு. நைலானுக்குப் பழகியவர் டார்ட்டெக்ஸுக்கு மாறும்போது ஒரு எண் கீழே இறங்கிப் பார்ப்பது நல்லது. டன்லப்பின் இன்னொரு பொருளான அல்டெக்ஸ் இன்னும் விறைப்பானது, தேய்வதும் மெதுவாகத்தான். செல்லுலாய்டு இதமான, பழைய பாணி ஒலி தரும், ஆனால் சீக்கிரம் தேயும். உங்கள் பிக் செல்லுலாய்டா என்று தெரிந்துகொள்ள அதைத் துணியில் சூடேறத் தேய்த்து முகர்ந்து பாருங்கள். செல்லுலாய்டு செய்வதில் கற்பூரம் சேர்வதால் அந்த வாசனை வரும். அது எளிதில் தீப்பற்றும் பொருள், விளக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள்.

ஒருகாலத்தில் மிக உயர்ந்ததாகக் கருதப்பட்டது அழுங்காமையின் ஓட்டில் செய்த பிக். மன்னார் வளைகுடாவிலும் வாழும் இந்த ஆமை அழிவின் விளிம்புக்குப் போனது. அதன் ஓட்டின் பன்னாட்டு வணிகம் 1970-களில் தடைசெய்யப்பட்டது. இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதைக் காக்கிறது. ஆமை ஓட்டின் தன்மையைக் கொண்டுவரும் நோக்கத்தோடுதான் 1981-ல் டார்ட்டெக்ஸ் வந்தது. ‘அசல் ஆமை ஓடு, பழைய சரக்கு’ என்று யாராவது விற்க வந்தால் வாங்காதீர்கள். வாசிப்புக்கு அது தேவையும் இல்லை.

முனை கூர்மையாக இருந்தால் ஒலி தெளிவாகவும் துள்ளலாகவும் இருக்கும், வேகமும் எளிது. உருண்ட முனை ஒலியைத் தடிப்பாக்கும், ஸ்ட்ரம்மிங்கில் கம்பிகளை வழுக்கிக்கொண்டு தாண்டும். புதுப் பணம் செலவழிக்காமல் சோதிக்க ஒரு வழி: வழக்கமான வடிவ பிக்கைத் திருப்பி, அதன் உருண்ட தோள்பட்டையால் வாசித்துப் பாருங்கள். தடிமன் அதேதான், ஒலி மாறிவிடும்.

சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களின் வியர்வைக்கு வழவழப்பான பிக் எதிரி. மேடை விளக்குகளின் கீழ் இரண்டு பாட்டுக்குள் நழுவத் தொடங்கும். புடைத்த எழுத்தோ சொரசொரப்போ உள்ள பிக், அல்லது மாவு பூசியதுபோன்ற மேற்பரப்பு கொண்ட டார்ட்டெக்ஸ் நல்லது. கையில் இருப்பது வழவழப்பாக இருந்தால், விரல் படும் இடத்தில் மட்டும் இரு பக்கமும் உப்புத்தாளால் தேய்த்துக்கொள்ளுங்கள். முனையைத் தொடாதீர்கள், கம்பியில் கரகரவென்று உரசும்.

தொல்லைகளும் தீர்வும்

பிக் விரலுக்குள் சுழல்கிறது: தடிமனை மாற்றுமுன் முனை கம்பிக்குள் எவ்வளவு ஆழம் போகிறது என்று பாருங்கள். பெரும்பாலும் அதுதான் காரணம். அது சரியாக இருந்தும் சுழன்றால் பெரிய முக்கோண வடிவத்தை முயலுங்கள்.

அப் ஸ்ட்ரோக்கில் தடுக்குகிறது: பிக்கை கம்பிக்கு நேராக வைக்காமல் லேசாகச் சாய்த்துப் பிடியுங்கள். அப்போதும் தடுக்கினால் ஒரு எண் மெல்லியதாக.

ஒலி கட்டையாக, உயிரில்லாமல் இருக்கிறது: ஒன்று பிக் மிகத் தடிப்பு, அல்லது முனை தேய்ந்துவிட்டது. புதிய பிக்கோடு ஒப்பிட்டுவிட்டு முடிவுசெய்யுங்கள்.

முதல் கம்பி அடிக்கடி அறுகிறது: தடித்த பிக், இறுகிய கை, பிரிட்ஜுக்கு (மேற்பலகையில் கம்பிகள் முடியும் இடம்) மிக அருகில் அடிப்பது ஆகிய மூன்றும் சேர்ந்தால் இது நடக்கும். எது எளிதோ அதை முதலில் மாற்றுங்கள்.

மணிக்கட்டு வலி: தடிமனை ஒரு எண் குறைத்துப் பார்க்கலாம். ஆனால் வலி நீடித்தால் வாசிப்பதை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். அது பிக் சம்பந்தப்பட்ட விஷயமே இல்லாமல் இருக்கலாம்.

தேய்மானத்தைக் கவனியுங்கள்

நன்றாக உழைத்த பிக் ஒன்றை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து முனையைப் பாருங்கள். சாய்த்துப் பிடித்து வாசிப்பவராக இருந்தால், ஒரு முகத்தில் முனையின் இடப்பக்கம் சரிவாகச் சீவியிருக்கும். திருப்பிப் பார்த்தால் அந்த முகத்திலும் இடப்பக்கமே அப்படி இருக்கும். டவுன் ஸ்ட்ரோக் ஒன்றையும் அப் ஸ்ட்ரோக் மற்றொன்றையும் தேய்த்திருக்கின்றன. இடது கையால் வாசிப்பவருக்கு இது பக்கம் மாறி வரும். முனை இரு பக்கமும் ஒரே அளவில் மழுங்கியிருந்தால் நீங்கள் நேராக அடிப்பவர். ஒரு முகத்தில் மட்டும் தேய்மானம் இருந்தால் அப் ஸ்ட்ரோக் உங்களிடம் கம்பியை ஒழுங்காகத் தொடவில்லை என்று பொருள். கற்றுக்கொடுப்பவர்கள் மாணவரின் பழைய பிக்கை வாங்கிப் பார்த்தால் பாதிப் பாடத்தை அதிலிருந்தே நடத்தலாம்.

முனை தேயத் தேய அதன் வடிவம் உருண்டு, விளிம்பு மெலியும். அப்போது கையில் இருப்பது நீங்கள் தேர்ந்தெடுத்த பிக் இல்லை, வேறொன்று. மிக மெதுவாக நடப்பதால் கை அதற்குப் பழகிக்கொண்டே வரும், வித்தியாசம் தெரியாது. அதனால் தடிமன் முடிவானதும் அதே பிக்கில் ஆறேழு சேர்த்து வாங்கி, ஒன்றை மட்டும் பயன்படுத்தாமல் கிட்டார் உறைக்குள் தனியாகப் போட்டுவையுங்கள். மாதம் ஒருமுறை அதை எடுத்து, அன்றாடம் வாசிக்கும் பிக்கோடு ஒரே ஸ்கேலை மாற்றி மாற்றி வாசித்துப் பாருங்கள். ஒலியில் வேறுபாடு கேட்ட அன்றைக்குப் பழையதை மாற்றிவிடுங்கள்.